மணிக்கு நான்கு

பெட்டியில் அச்சடித்திருந்தது: மணிக்கு எட்டு.
கெலவரப்பள்ளி அணையில் கயாக்கை இறக்கிய ஞாயிறு
கைப்பேசி காட்டியது மூன்று புள்ளி ஒன்பது.
பழுது, என்றேன்.
முன்னிருக்கையில் நாகவேணி
துடுப்பைத் தூக்கிப் பார்த்தாள்.
"தலைகீழா புடிச்சிருக்கோம்."
திருப்பிப் பிடித்தோம்.
நான்கு புள்ளி இரண்டு.

இருவர் வலித்தால் இருமடங்கு என்பது
சிப்காட்டில் ஷிப்டு எண்ணுகிறவன் கணக்கு.
தண்ணீர் அங்கே வேலை பார்த்ததில்லை.
இன்னும் அழுத்தித் துழாவினால்
முன்மூக்கில் அலைதான்
இன்னும் பெரிதாகச் சுருள்கிறது.

பத்து மணிக்குமேல் காற்று எழுந்தது.
முப்பத்தைந்து நிமிஷத்தில் போன தூரம்
திரும்பி வர ஒரு மணி பத்து.
துடுப்பை நிறுத்தினால் பின்னால் போகிறோம்.
ஆறு நுழையும் பக்கம் எழுந்த வெள்ளை நுரை,
எந்த ஊர்ச் சோப்போ,
எதிரே வந்து
எங்களை விசாரிக்காமல் கடந்தது.

தோள் கடுகடுக்கக் கணக்குப் போட்டேன்:
ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர்,
மிஞ்சினால் பன்னிரண்டு.
"சூளகிரி உங்கம்மா வீட்டுக்கு
இதுல போனா ரெண்டு நாள்."

"போலாமே" என்றாள் திரும்பாமல்.
"பைக்குல போனா
சண்டை முடியறதுக்குள்ள வீடு வந்துருது."

எந்தச் சண்டை என்று கேட்கவில்லை.
அவளும் தொடங்கவில்லை.
இடது, வலது, இடது.
அவள் துடுப்பு சொட்டிய நீர்
என் முழங்காலில்.

கரையேறினால்
என் செருப்பைக் காணோம்.
வண்டிவரை வெறுங்கால், சுடுகல்,
தலையில் படகு.
கைப்பேசி இன்னும் அணையவில்லை:
நான்கு புள்ளி இரண்டு.