சுதி சேர்ப்பவருக்கு முதல் பாடம்

கிராஸ் நகரப் போட்டி, இறுதிச் சுற்று.
மூன்றாம் பாகத்தின் நடுவே
என் இடக்கை எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது.
வலக்கை மட்டும் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தது,
பேருந்தைத் தவறவிட்டவனைப் போல.
பிறகு அதுவும் நின்றது.
அறுபது பேர் வாத்தியங்களோடு எனக்காகக் காத்திருந்தார்கள்,
மரியாதையாக.
அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

அப்புறம் இரண்டு வருஷம் ஒரு உல்லாசக் கப்பல்.
இறால் உரிக்கிறவர்களின் முதுகுகளுக்கு வாசித்தேன்.
அப்புறம் பாலே பள்ளி:
ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று,
பத்து ஜோடி முழங்கால் மடங்கும் வேகத்துக்கு.
ட்ரியெஸ்டேயில் நாலாம் மாடி வாடகைக்கு அது போதும்.
பியானோவின் செலவுக்குப் போதாது.

நவம்பரில் போரா காற்று
மேட்டு நிலத்திலிருந்து இறங்கி
ஊரைக் கழுத்தைப் பிடித்து உலுக்கும்.
ஜன்னல் இடுக்கில் காலுறைகளைத் திணித்தும்
சுதி இறங்கிவிட்டது.
எஜீதியோ ஃபுர்லான் வந்தார். அறுபத்திரண்டு வயது,
கிழிந்த தோல் பை, காற்றில் சிவந்த மூக்கு.
மூன்று மணி நேரம்
சட்ஜமும் பஞ்சமமும், சட்ஜமும் பஞ்சமமும்.
சாவியை மயிரிழை திருப்புவார், காதைச் சாய்ப்பார்,
பாதி திருப்பிக் கொடுப்பார்.
"நூற்றிருபது யூரோ."
"அடுத்த மாதம் தருகிறேன்."
"போன தடவையும் இதே அடுத்த மாதம்தான் சொன்னீர்கள்."

பையை மூடாமலே நின்றார்.
"முப்பத்தெட்டு வருஷமாக
இந்த ஊரின் பியானோக்களைத் திறந்து மூடுகிறேன்.
ஒரு பாட்டு வாசிக்கத் தெரியாது.
பணம் வேண்டாம்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
சமையல்காரர் பசிக்கிறது என்று சொன்னது போலிருந்தது.

என் பேராசிரியை மணிக்கட்டில் பென்சிலால் தட்டுவார்.
நானும் ஒரு பென்சிலைச் சீவி வைத்திருந்தேன்.
அவர் ஒரு சுரத்தை அழுத்தினார்.
அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார்.
அது மெலிந்து, அலமாரிப் பக்கம் போய்,
குளியலறைக் குழாயின் சொட்டோடு கலந்து
முழுசாகச் சாகும்வரை
அடுத்த விரலை எடுக்கவில்லை.
"அடுத்தது," என்றேன்.
"இது இன்னும் முடியவில்லையே."

பன்னிரண்டு சுரம் கொண்ட குழந்தைப் பாட்டு,
நாலரை நிமிஷம்.
பென்சிலைத் தேடினேன். அது அவர் கையில் இருந்தது.
என் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்:
மேல் ரி, ஒரு தந்தி தாழ்ந்திருக்கிறது,
போகும்போது பார்க்க வேண்டும்.

அன்றிரவு விளக்கைப் போடாமல்
நானும் ஒரு சுரத்தை அழுத்திப் பார்த்தேன்.
பத்தொன்பது வருஷப் பயிற்சியில்
ஒரு சுரம் போவதை நான் வழியனுப்பியதே இல்லை.
மேலே அடுத்ததைப் போட்டு மூடிவிடுவேன்.
கீழ் வீட்டு நாய் குரைத்தது. படுத்துக்கொண்டேன்.

அவர் போகிற வீடுகளில் எல்லாம் சொல்லியிருக்கிறார்.
மருந்துக்கடை ஒந்தினா வந்தாள்.
ஸ்கேல் என்றால் வெறுப்பு,
மாத்திரை எண்ணுவது போல இருக்கிறதாம்.
சரி, எண்ணாமல் வாசி என்றேன்.
ஓப்சினாவிலிருந்து டிராமேறி யெர்னே வந்தான். ஒன்பது வயது.
நான் தப்பு செய்வேனா என்று கேட்டான்.
அந்த மூன்றாம் பாகத்தை எடுத்தேன்,
இடக்கை எழுந்து போன இடம் வரை.
"இங்கேதான்."
அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு
ஒற்றை விரலால் ஏதோ ஒன்றைத் தொடர்ந்தான்.
ராகமும் இல்லை, ஒழுங்கும் இல்லை.
ஆனால் நிற்கவில்லை.

பாலே பள்ளிக்கு இப்போது செவ்வாய் மட்டும் போகிறேன்.
பென்சிலால் மளிகைக் கணக்கு எழுதுகிறேன்.

இன்று வெள்ளி. படிக்கட்டில் கயிற்றைப் போலக் காற்று.
எஜீதியோ ஏறி வருவது கேட்கிறது.
மூன்றாம் மாடியில் வழக்கம்போல் நின்றுவிட்டார்.
கதவைத் திறந்து வைத்துவிட்டுக்
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
அடுத்தது என்று சொல்லவில்லை.