உள்ளது உள்ளபடி

கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது ஏற்றிக் கேட்டால்
ஏலம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும்.
ஆறு முறை நீண்டது.
லாட்ஜ் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர்,
பக்கத்து நாற்காலியில் யாரோ
ஹவுரா ரயிலுக்குத் தட்கல் போட்டுக்கொண்டிருந்தார்.
முப்பத்தோரு லட்சத்து நாற்பதாயிரத்தில் எதிராளி ஓய்ந்தான்.
அதுவரை மூச்சைப் பிடித்திருந்தேன் என்பது
விட்ட பிறகுதான் தெரிந்தது.

மூச்சைப் பிடிக்கச் சொல்வதுதான் என் வேலை.
இருபத்தாறு வருடமாக, எக்ஸ்ரே அறையில்,
தமிழில், தெலுங்கில், அரைகுறை வங்காளத்தில்.
நெஞ்சைத் தகட்டோடு ஒட்டி நில்லுங்க,
தோளை முன்னால் தள்ளுங்க,
பிடிங்க. விடுங்க.

வீடு தாராபடவேட்டில்.
முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
காட்பாடிப் பத்திர எழுத்தர் குலசேகரன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு,
"பேங்க் அடமானம் ஒண்ணுதான்மா,
அது ஏலத்தோட தீர்ந்துடும். மத்தபடி சுத்தம்" என்றார்.
பதியாத எதுவும் அந்தத் தாளில் வராது என்று
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
எலும்புப் படத்தில் ஈரல் நோய் தெரியாதுங்க என்று
தினம் நாலு பேருக்குச் சொல்கிறவள்.

விளம்பரத்தில் போட்டுத்தான் இருந்தார்கள்,
எறும்பு சைஸ் எழுத்தில்:
உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்,
உள்ளதெல்லாம் உட்பட.

உள்ளவை ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.
சொத்துவரி ஒன்பது வருடம்.
பழைய பாக்கியைக் கட்டினால்தான் மீட்டர் என்றது மின்வாரியம்.
பி.எஃப்.பில் மிச்சமிருந்ததை எடுத்துக் கட்டினேன்.
அப்புறம் ஒரு சம்மன்.

வாதி: தனபாக்கியம், தகப்பனார் பெயர் முனிரத்தினம்.
முதல் பிரதிவாதி அவள் அண்ணன் ஏகாம்பரம்,
லுங்கி கம்பெனிக்குக் கடன் வாங்கி மூழ்கியவன்.
இரண்டாவது வங்கி.
மூன்றாவது ஹெப்சிபா. நான்தான்.
பிழையில்லாமல் இருந்தது என் பெயர்.
கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படி வரவில்லை.

அப்பன் உயில் எழுதாமல் செத்த வீடு.
நான் ஒரே வாரிசு என்று அண்ணன் நீட்டிய காகிதத்தை
வங்கி வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டது.
தங்கை எதிலும் கையெழுத்துப் போடவில்லை.
பிரிபடாத பாதி என்கிறது பிராது.
பிரிபடாத என்றால்
எந்தச் செங்கல்லையும் தொட்டு இது உன்னுடையது,
இது என்னுடையது என்று சொல்ல முடியாது.
காலண்டர் மாட்ட நான் ஆணி அடித்தால்
பாதி ஆணி அவள் சுவரில்.

இப்போதைய நிலையே தொடரட்டும் என்றது நீதிமன்றம்.
இப்போதைய நிலை:
வாசலில் என் பூட்டு, அதன்மேல் அவளுடைய பூட்டு,
மோட்டார் ரூமில் தேன்கூடு,
மாதா மாதம் என் சம்பளத்தில் பதினெட்டாயிரம் தவணை.
வாய்தாவுக்கு அவள் வந்ததே இல்லை.
முகம் எப்படி இருக்கும் என்று
சில ராத்திரி யோசித்திருக்கிறேன். நல்லவிதமாக அல்ல.

புதன்கிழமை, டோக்கன் எழுபத்திரண்டு.
சீட்டில் தனபாக்கியம், ஐம்பத்தெட்டு, மார்பு.
தகப்பனார் பெயரைப் பார்த்தேன்.
இன்னொரு முறை பார்த்தேன்.

"நகை கழட்டணுமா?" என்றாள்.
கழற்ற ஒன்றுமில்லை, ஒரு கயிறு, ஒரு ஊக்கு.
என் பெயர் என் சட்டைமேல் தொங்கியது.
படித்தாளா தெரியாது,
கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டிருந்தாள்.
தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.
தகடு குளிரும் என்று சொல்லியிருக்கலாம்,
எல்லோரிடமும் சொல்வதுதான்.

ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றேன்.
மூச்சைப் பிடிங்க.
பிடித்தாள். நன்றாகவே பிடித்தாள்,
வருடக்கணக்காகப் பழகியவள் மாதிரி.
பொத்தான், ஒரு கீச்சொலி, முடிந்தது.

"விடுங்க" என்றேன்.

அறையில் வேறு சத்தமில்லை.
அவள் விடவில்லை.
"மூச்சை" என்றேன்.