நூற்றுப் பதினேழாம் கட்டம்

நான் இரண்டாம் வயோலா.
ஐந்து பேரில் நிகழ்ச்சிக் குறிப்பைப் புரட்டித்தான்
பெயர் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள்.
ஆனால் ஒஸ்கர் லெபசாரின் பேனா கடைசியாகத் தொட்டது
என் வரியைத்தான்.
நூற்றுப் பதினேழாம் கட்டம், ஒரு முழு ஸ்வரம்.
அதன் தலையிலிருந்து ஒரு வளைகோடு கிளம்பி
அடுத்த கட்டத்துக்குள் போகிறது.
அடுத்த கட்டத்தில் யாரும் இல்லை.

மூன்று பேர் முடித்துவைத்திருக்கிறார்கள்.
ஒரு பாதிரியார் ஆமென் போட்டுப் பூட்டினார்.
ஐம்பதுகளில் ஒருவர், காலம் கேட்டபடி,
டிரம்பெட் இல்லாமலே டிரம்பெட் ஊதினார்.
மூன்றாமவர் கெட்டிக்காரர்;
ஒவ்வொருவராக வாயடைக்கச் செய்து
செலோவை மட்டும் விட்டுவைத்தார்,
சாவு வீட்டில் விளக்கு பார்த்துக்கொள்ள
ஓர் ஆள் தங்குவதுபோல.
மூவர் கணக்கிலும் மனிதர் செத்துப்போயிருந்தார்.
காசம், பனி, நழுவிய கை.
மூவரும் என் ஸ்வரத்தைக் கீழேதான் இறக்கினார்கள்.

இந்தப் பிப்ரவரியில்
பார்னு துறைமுகத்தின் பழைய கிடங்குக் கணக்கிலிருந்து
ஒரு நகலோடு ஒத்திகைக்கு வந்தாள் ஹெல்வே.
ஈர பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
"அந்த ஒன்பதின் வாலைப் பாருங்கள். அதே கை."
தேவதாருப் பலகை நானூற்றுப் பன்னிரண்டு.
தார், ஆறு பீப்பாய்.
பெற்றுக்கொண்டவர்: ஓ. லெபசார்.
தேதி, வளைகோட்டுக்குப் பதினோரு வருடம் அப்புறம்.

செலோ வாசிக்கும் ரெய்ன் சிரித்துவிட்டார்.
பதினோரு வருடம்!
மீசை கத்தரித்திருக்கிறார், ஹெர்ரிங் மீன் தின்றிருக்கிறார்,
பலகையை விரலால் தட்டி
உள்ளே ஈரம் என்று சொல்லியிருக்கிறார்,
அதே காதால்.
எந்த ஞாயிற்றுக்கிழமையும் இழுப்பறையைத் திறந்திருக்கலாம்.

நான்காம் முடிவை எழுத
ஹெல்வே பாதிப் பணம் வாங்கியாயிற்று,
அதில் கூரையும் மாற்றியாயிற்று.
"நூற்றுப் பதினெட்டில் உனக்கு என்ன வேண்டும்?" என்றாள்.
இரண்டாம் வயோலாவை யாரும் கேட்டதில்லை.
கொஞ்சம் உளறினேன்.
பிறகு சொன்னேன்: அதே ஸ்வரம்.
இந்தக் கோடு இறக்கிவிடும் கோடாகவும் இருக்கலாம்,
மறுபடி தொடங்காதே, பிடித்துக்கொள்
என்கிற கோடாகவும் இருக்கலாம்.
இரண்டாவது என்று வைத்துக்கொள்வோம்.

எத்தனை நேரம் என்றாள்.
தெரியாது என்று வில்லை வைத்தேன்.
மற்ற நால்வரும் வெள்ளைத் தாளைப் பார்த்திருந்தார்கள்.
வெளியே மர லாரி ஒன்று பின்னோக்கி வந்தது, பீப், பீப்,
என்னைவிட அரை சுருதி கீழே.
ரெய்ன் அதைப் பிடித்துக்கொண்டார், செலோவில், கிள்ளிக் கிள்ளி.
ஹெல்வே பென்சிலைத் தேடினாள், கோட்டுப் பையில்,
பூட்ஸ் நனைத்த தரையில்.

சீக்கிரம், ஹெல்வே.
முக்கால் மீட்டர்தான் இந்த வில்.