முள் எடுக்கிறவள்

ஏழு குஞ்சுகள் நேற்றே காய்ந்து பஞ்சாகிவிட்டன.
எட்டாவது மட்டும் முனை மாறித்
துளை போட்டிருக்கிறது,
காற்றறை இல்லாத கூர்ப்பக்கத்தில்.
பயறு அளவுத் துளை.
அதற்குள் ஓர் அலகு
திறக்கும், மூடும், கத்தும்.

சீலோவே தீவில் மூன்றாம் நாளாகப் புயல்.
துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
எதெல்மீரோவின் படகு அக்கரையில் கட்டிக்கிடக்கிறது,
எதெல்மீரோ அதற்குள்.
இரவு ஒன்பதுக்கு மின்சாரமும் போனது.
சால்மன் வந்த தெர்மாகோல் பெட்டிதான் எங்கள் இன்குபேட்டர்;
பல்பு அணைந்ததும்
வெந்நீர்ப் புட்டிகள் இரண்டைத் துணியில் சுற்றி
உள்ளே படுக்கவைத்தேன்,
காய்ச்சல்காரருக்கு வைப்பதுபோல.

"தொடாதே, ஒத்தீலியா" என்றார் போனில்.
"வர முடிந்தது வரும்.
வராததை இழுத்துப் போட்டால்
பத்து நாள் தீனி தின்றுவிட்டுச் சாகும்."
கோழிகளுக்கு நடுவே பிறந்த மனுஷன்.
சரி என்றேன்.
பிறகு போனில் சார்ஜ் தீர்ந்தது.

என் வேலை என்ன தெரியுமா?
மீன் ஆலையில்,
பெல்ட்டில் வழுக்கிவரும் துண்டிலிருந்து
இடுக்கியால் முள் பிடுங்குவது.
தடவு, பிடி, சாய்த்து இழு.
நிமிடத்துக்கு நாற்பது.
பதினோரு வருடம்.
தூக்கத்திலும் என் கட்டைவிரல்
ஆள்காட்டி விரலைத் தேடுகிறதாம்.
இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு
ஒரு துளையை எப்படிச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது?

இரண்டு மணிக்குக் கத்தல் நின்றுவிட்டது.
டார்ச்சைப் பிடித்தேன்.
சவ்வு காய்ந்து, பழைய காகிதமாய் மஞ்சளித்து
அலகின்மேல் ஒட்டியிருந்தது.
நான்தான் காரணம்.
ஏழையும் எடுக்க ஏழு முறை மூடி திறந்தவள்.
ஈரமெல்லாம் அந்த வழியாகத்தான் போயிருக்கும்.

இடுக்கியைக் கொதிக்கவைத்தேன்.
வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து
மூக்குத்துளையில் படாமல் ஒற்றினேன்.
கடல்பச்சை ஓடு,
உள்ளும் புறமும் ஒரே நிறம்,
பொய் சொல்லத் தெரியாத ஓடு.
ஒரு சில்லு.
இன்னொரு சில்லு.
மீனைவிட எளிது என்று நினைத்தேன்.
மூன்றாவதில்
இரத்தம்.

ஊசிமுனை அளவுதான்.
ஆனால் பதினோரு வருடத்தில்
என் இடுக்கி தொட்ட எதுவும் இரத்தம் விட்டதில்லை.
என்னிடம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.
சோளமாவைத் தொட்டு வைத்து அழுத்தினேன்.
விரலுக்கடியில் துடித்தது
என்னுடையதா, அதனுடையதா, தெரியவில்லை.
சவ்வில் சிவப்பு நூல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.
அது இன்னும் குடித்து முடிக்கவில்லை.
நான் பாதிச் சாப்பாட்டில் தட்டை இழுத்தவள்.

கதவைத் திறந்து
இடுக்கியை மழைக்குள் வீசினேன்.
கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன்.
மூன்று மணி. நான்கு.
புட்டிகளுக்கு நீர் மாற்றினேன்.
அடுப்பில் ஈர விறகு சீறியது.
ஏழு குஞ்சுகளும் அட்டைப்பெட்டியில்
ஒரே குஞ்சுபோல் தூங்கின.

ஐந்தேகாலுக்கு,
நான் கொஞ்சம் கண்ணசந்தபோது
(அதற்காகவே காத்திருந்ததோ என்னவோ)
ஓடு விழும் சத்தம்.
ஈரமாய், அசிங்கமாய், கழுத்து நிற்காமல்
துணியில் கிடந்தது.
இடதுகால் விரல்கள் மடங்கி ஒரு குட்டி முஷ்டி.
ஆலையில் விரல் வெட்டுப்பட்டால் தரும் பிளாஸ்திரி,
மீனில் விழுந்தால் தெரியவேண்டுமென்று நீலநிறம்,
ஏப்ரன் பையில் ஒன்று இருந்தது.
நறுக்கி, விரல்களை விரித்து ஒட்டினேன்.
ஒற்றை நீலச் செருப்பு.

மறுநாள் மத்தியானம் துறைமுகம் திறந்தது.
மழை சொட்டச் சொட்ட வந்த எதெல்மீரோ
பெட்டிக்குள் குனிந்து எண்ணினார்.
எட்டு.
"கை வைத்தாயா?"
"இல்லை."
நீலச் செருப்பு
மற்ற ஏழையும் மிதித்துக்கொண்டு
தண்ணீர்த் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
பார்த்தார்.
"ம்" என்றார்.
பூட்ஸைக் கழற்றுமுன்
சட்டைப்பையிலிருந்து சேறு படிந்த இடுக்கியை எடுத்து
மேசைமேல் வைத்தார்.
"வாசலில் கிடந்தது."