எண்ணிக்கை சரி

புதுவயலில் காற்று திரும்பினால்
அவித்த நெல்லின் வாடைதான் முதலில் வரும்.
மூடிப்போன அரவை மில் ஒன்றுக்குச் சுவரை உயர்த்தி
மேலே கண்ணாடிச் சில்லு பதித்து
கூர்நோக்கு இல்லம் என்று பலகை வைத்தார்கள்.
நான் அங்கே இரவுக் காவலன்.
ஒன்பது மணிக்கு எண்ணுவேன்: பதினொன்று.
பன்னிரண்டுக்கும் பதினொன்று.
மூன்று மணிக்கு முகங்கள் போர்வைக்குள் போயிருக்கும்,
பாதங்களை எண்ணி இரண்டால் வகுப்பேன்.
பதிவேட்டில் ஒரே வாசகம்: எண்ணிக்கை சரி.

இடுப்பில் ஏழு சாவி.
நான் வருவது எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும்.
மறைக்க வேண்டியதை மறைத்திருப்பார்கள்,
பீடி, ஒரு நடிகையின் படம், ஒருமுறை அணில் குஞ்சு.
அணில் குஞ்சை நான் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, இரண்டே கால். கரண்ட் இல்லை.
"சாவி! சாவியக் குடுங்க சார்!"
கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கிக் கத்துகிறார்கள்.
மதுரையில் ஆறு நாள் பயிற்சி:
சாவி கேட்டால் பின்வாங்கு. விசில் ஊது. பேசாதே.
பின்வாங்கினேன். ஊதினேன்.
நாற்பத்தாறு வயதில் தொடை நடுங்கியது.
மூச்சு தீர்ந்த இடைவெளியில்தான் கேட்டது
தரையில் ஒரு குதிகால் அடித்துக்கொள்வது.
டார்ச்சைத் தாழ்த்தினேன்.
ரியாஸ். வாயில் நுரை, கண் மேலே செருகி.
"கையில இரும்பு குடுக்கணும் சார்,
இங்க ஒரு இரும்பும் இல்ல சார்!"
ஆமாம், இல்லை.
கரண்டியிலிருந்து கட்டில்வரை
நாங்கள்தான் பார்த்துப் பார்த்து அகற்றியிருந்தோம்.
மிச்சமிருந்த இரும்பெல்லாம் கதவாக இருந்தது,
கைக்குள் அடங்காது.

திண்டுக்கல் பூட்டு. சாவி பாதி திரும்பி நின்றுவிட்டது,
முன்னாலும் போகாமல், வெளியிலும் வராமல்.
"தள்ளுங்க சார்."
சேவுகப்பாண்டி.
கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த வீடு,
எனாமல் தூக்குவாளி எட்டு, பெல்ஜியம் கண்ணாடி ஒன்று.
வாங்கிய கடைக்காரருக்கு அன்று சாயங்காலமே ஜாமீன்.
இவனுக்கு இங்கே நாற்பத்தோராவது நாள்.
கால்சட்டை நாடாவுக்குள்ளிருந்து குடைக்கம்பி ஒன்றை உருவி
கம்பிகளுக்கிடையே கையை வளைத்து
கன்றுக்குட்டியின் தாடையைத் தடவுகிறவன்போல
பூட்டைப் பார்க்காமலே தடவினான்.
திறந்தது.
முப்பதுகூட ஆகவில்லை. எண்ணினேன், பழக்கம்.
"இரும்பு இல்லன்னீங்களேடா?"
"இது மெலிசு சார், வலிப்புக்கு நிக்காது."

ரியாஸை ஒருக்களித்துக் கிடத்தினேன், அது பயிற்சி.
விரல்களைப் பிரித்து ஏழு சாவியையும் வைத்தேன்,
அது பயிற்சியில் இல்லை.
கதவு ஆவென்று திறந்து கிடந்தது.
பத்துப் பேரும் அதற்கு முதுகைக் காட்டி
அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்,
ஒருவன் துண்டால் விசிறிக்கொண்டு.
நான்தான் அடிக்கடி கதவைப் பார்த்தேன்.

"எத்தன தடவடா?" என்றேன் மெதுவாக.
"ஒங்க டியூட்டில இல்ல சார்."
"அடைக்கலசாமி டியூட்டில?"
"ரெண்டு. பஸ் ஸ்டாண்டுல பரோட்டா, பதினோரு பேருக்கும்.
ஒரு தடவ சால்னா சிந்திருச்சு."

ஆம்புலன்ஸ் வந்தபோது மூன்று ஐந்து.
சமையல்கார வீரணன் கூட ஏறிக்கொண்டார்.
சிவப்பு விளக்கு காரைக்குடிப் பக்கம் திரும்பி மறைந்தபின்தான்
இடுப்பைத் தொட்டேன்.
சாவி ரியாஸின் கையோடு போயிருந்தது.

அடைக்கலசாமியின் பக்கங்களைப் புரட்டினேன்.
முத்து முத்தான கையெழுத்து.
எண்ணிக்கை சரி. எண்ணிக்கை சரி.
பொய் என்று சொல்ல முடியாது.

வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்,
விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
சேவுகப்பாண்டி எழுந்து வந்தான்.
"பூட்டவும் தெரியும் சார்."
உள்ளே நின்று கதவைச் சாத்தி
வெளியே கையை நீட்டிப் பூட்டினான்.
குடைக்கம்பியை நான் கேட்கவில்லை.
அவனும் தரவில்லை.
"இழுத்துப் பாருங்க சார்" என்றான்.
இழுத்துப் பார்த்தேன்.