அறுபதாம் நாள்

டுலூத் நகரில் ஏரி புகையத் தொடங்கிய நவம்பரில்
ஜன்னல் சட்டம் செய்யும் ஆலை
இரண்டாம் ஷிஃப்டை நிறுத்தியது.
முப்பத்தொரு கடிதம் அச்சடித்தாள்
பணியாளர் பிரிவின் வயோலா ஸ்டென்ஸ்ருட்.
முப்பத்திரண்டாவதும் வந்து விழுந்தது.
அதில் அவள் பெயர்,
பதினேழு வருடத்தில் முதல்முறையாக
எழுத்துப்பிழை இல்லாமல்.

அந்தச் சட்டத்தின் சுருக்கப் பெயர் கோப்ரா.
அதே பிராணியைத்தான்
நல்ல பாம்பு என்கிறோம் நாம்.
வேலை போன பின்னும் பழைய காப்பீட்டை
வைத்துக்கொள்ளலாம் என்பது, நல்லது.
முதலாளி கட்டிவந்த பங்கையும் நீயே கட்டு,
மேலே நூற்றுக்கு இரண்டு சேர்த்துக் கட்டு
என்பது, பல்.
(ஆலையை ஒரேயடியாக இழுத்து மூடி
திட்டத்தையே கலைத்திருந்தால்
பாம்பும் இல்லை.)

மெர்ல் கிவிஸ்டோ கவுண்டரில் கடிதத்தை விரித்தான்.
இருவருக்கு, மாதம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது டாலர்.
"என் வீட்டுத் தவணை கூட இவ்வளவு இல்லை."

யோசனை சொல்லக்கூடாது என்பது விதி.
அவளுக்கு அந்த விதி
அன்று நாலரை மணி வரைதான்.
மணி நாலு ஐம்பது.

"கையெழுத்துப் போடாதே. கிழிக்கவும் செய்யாதே.
ஃபிரிட்ஜில் ஒட்டி வை.
முடிவு சொல்ல அறுபது நாள் இருக்கிறது.
கடைசி நாளில் சேர்ந்தாலும்
முதல் நாளே சேர்ந்ததாகக் கணக்கு."
"எனக்கு ஒன்றும் வராவிட்டால்?"
"ஒரு காசு கட்ட வேண்டாம்."
"வந்தால்?"
"விட்ட மாதமெல்லாம் சேர்த்து."
அவன் சிரித்தான். சூதாட்ட விடுதியில் கூட
பந்தயத்தை முன்னாலேயே வைக்கச் சொல்வார்கள்.

டார்லா கிவிஸ்டோ டிசம்பர் முழுவதும்
மாநிலச் சந்தையில் திட்டம் பார்த்தாள்.
வெண்கலம், வெள்ளி, பொன்:
ஓடாமலே தரும் பதக்கங்கள்.
வெண்கலத்தில் முதல் ஏழாயிரத்து நானூறு
உன் கைக்காசு, பிறகுதான் அவர்கள்.
மானியம் போக வெள்ளி கட்டுப்படியானது.
பிப்ரவரி ஒன்றாம் தேதி தொடங்கும்.

அதுவரை மெர்ல்
ஏணியில் ஏறவில்லை. உறைந்த ஏரிக்கு
மீன் பிடிக்கப் போகவில்லை.
வேர்க்கடலையைக் கூட மென்று மென்று விழுங்கினான்.

ஐம்பத்தெட்டாம் நாள், வாசலில்
இரண்டடி பனி.
மண்வாரியை ஒன்பதாவது முறை தூக்கியபோது
இடது தோளிலிருந்து தாடை வரை
யாரோ கம்பி இழுத்தார்கள்.

அறுபதாம் நாள், ஜனவரி இருபத்தொன்பது.
இரண்டு ஸ்டென்ட்டோடு அவன் தூங்க,
ஃபிரிட்ஜ் கதவிலிருந்து கடிதத்தைப் பிய்த்தாள் டார்லா.
மனைவி கையெழுத்தும் செல்லும்,
நாலாம் பக்கம், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில்.
தபால் நிலையம் மூட ஆறு நிமிடம்.
"முத்திரையை என் கண் முன்னால் குத்துங்கள்."
"பெட்டியில் போட்டால் போதும், அம்மா."
"குத்துங்கள்."
தேதி கொஞ்சம் சாய்வாக விழுந்தது.
அவள் அதைப் போனில் படமெடுத்துக்கொண்டாள்,
பிறந்த குழந்தையை எடுப்பதுபோல.

இனி மூவாயிரத்து இருநூற்று எண்பது டாலர்,
நாற்பத்தைந்து நாள் தவணை.
ஆஸ்பத்திரி பில்லை இன்னும் யாரும் சொல்லவில்லை.
சொன்னபோது இந்த மூவாயிரம்
சில்லறையாகத் தெரியும்.

வயோலாவும் அதே வெள்ளிதான் எடுத்திருந்தாள்,
அதே பிப்ரவரி ஒன்று.
அவள் வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒரு கடிதம்.
அறுபது நாளும் காய்ச்சல் இல்லை, வழுக்கல் இல்லை.
இரவு பன்னிரண்டு தாண்டியதும்
அதை மடித்து பழைய பில்களோடு வைத்தாள்.
ஜெயித்தது மாதிரியும் இருந்தது,
கடையில் எதையோ எடுத்து வந்தது மாதிரியும்.

இன்னும் இரண்டு நாள் இருந்தன,
எவர் ஏட்டிலும் இல்லாத இரண்டு நாள்.
காலையில் காபி போடும்போது
ஒருமுறை இருமினாள்.
கெட்டிலை அணைத்துவிட்டு
அடுத்தது வருகிறதா என்று
நின்று கேட்டாள்.