எந்த ரூபாய்

ஹட்டன் டவுனில்
மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும்,
திறந்தால் பனி வந்து கீபோர்டில் உட்காரும்.
இங்கே இருந்துதான்
ஒரே தேயிலைப் பெட்டிக்குப்
பதினாறு விலை எழுதுகிறேன்.

ஒஸ்லோவில் திறந்தால் குரோன்.
துபாயில் திறந்தால் திர்ஹம்.
குவைத் தினாருக்குப் புள்ளிக்கு அப்பால் மூன்று இலக்கம்,
யென்னுக்குப் புள்ளியே கிடையாது.
முதல் மாதம் அது தெரியாமல்
ஒசாகாவில் ஒருவருக்கு
நூறு மடங்கு விலை காட்டிவிட்டேன்.
அவர் கோபிக்கவில்லை.
"மிக உயர்ந்த தேயிலை போலும்" என்று எழுதினார்.
வாங்கவுமில்லை.

முதலாளி நவ்பர் சொல்வார்:
"ஆளுக்கு அவன் காசு தெரியணும் புள்ள.
கணக்குப் போட வச்சா
கடைய மூடிட்டுப் போயிருவான்."
சரிதான்.
வகுத்துப் பார்க்கிற விரல்
வாங்குகிற விரல் இல்லை.

காலை ஆறுக்கு மாற்று விகிதம் தானாக வந்து இறங்கும்.
அரைச் சதம், கால் சதம் என்று
ஒவ்வொரு விலைக்கும் ஒரு வால்.
வாலை நறுக்கி முழுசாக்குவது என் வேலை.
எப்போதும் மேல்பக்கமாக நறுக்கச் சொல்வார் நவ்பர்.
எனக்குத் தராசு ஞாபகம் வரும்.
கொழுந்து நிறுக்கையில்
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு என்று
கழிப்பார்களாம்;
மதினி தினம் வந்து திட்டுவாள், நான் கேட்டுக்கொண்டே
மாவு பிசைவேன்.
அதே ஒன்றிரண்டு
இங்கே கூட்டலாக வருகிறது.
யாரும் திட்டுவதில்லை.
பன்னிரண்டு சதத்துக்கு
எந்த ஊரில் சண்டை?

டொலர் எகிறிய வருஷம்
காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை.
கரண்ட் இல்லாத ஐந்து மணித்தியாலத்தில்
பழைய விகிதத்திலேயே
முப்பது பெட்டி போய்விட்டது.
நவ்பர் ஒன்றும் சொல்லவில்லை.
பிளேன்டியை மட்டும்
சீனி போட மறந்து குடித்தார்.

போன வெள்ளிக்கிழமை
கோத்தகிரியிலிருந்து ஒரு வரி.
செண்பகலட்சுமி என்று பெயர்.
"ரூ. 1850 என்று போட்டிருக்கிறது.
எந்த ரூபாய்?"

சிரித்தேன்.
பிறகு சிரிக்கவில்லை.
இந்தியாவுக்குத் தனி விலை இருக்கத்தான் செய்தது,
ஆனால் பக்கத்தைத் தமிழில் திறந்தால்
ஆள் இலங்கை என்று
நான்தான் எழுதிவைத்திருந்தேன்.
மொழியைப் பார்த்து நாட்டைச் சொன்னது
இம்முறை என் பிழை.

ராத்திரி முழுக்க அதைக் கழற்றினேன்.
"ரூ." என்று இனி மொட்டையாக நிற்காது.
இலங்கை ரூபாய். இந்திய ரூபாய்.
நேபாளத்திலும் மொரிஷியஸிலும் ரூபாய்தானாம்,
அவர்களுக்கும் முழுப் பெயர்.
விலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி:
நாட்டைத் தெரிவு செய்க.

எங்கள் ஆட்களுக்குப் புதிய கேள்வியில்லை இது.
ஒருகாலத்தில் காகிதத்தில் கேட்டார்கள்.
ஒரே தரம் கேட்டார்கள்.
பதிலை முந்திக்கொண்டு
சில பேருக்குக் கப்பல் வந்தது.
அப்படி இறங்கியவர்கள் கோத்தகிரிப் பக்கம் நிறைய என்பார்கள்.
செண்பகலட்சுமியிடம் அதை நான் விசாரிக்கவில்லை.
வாடிக்கையாளர்.

பெட்டிக்கு அடியில் எழுதினேன்:
எத்தனை தரமும் மாற்றலாம்.
நவ்பர் எட்டிப் பார்த்தார்.
"இது என்னத்துக்கு புள்ள, தெரிஞ்ச விஷயம்தானே?"
இருக்கட்டும் என்றேன்.

அவருக்குப் பதில் போட்டேன்:
"இலங்கை ரூபாய், அம்மணி.
உங்கள் ரூபாயில் ஐந்நூற்று முப்பது.
தவறுக்கு மன்னிக்கவும்."

பொழுது சாய, பதுளைக்குப் போகிற ரயில்
ஸ்டேஷனில் கூவிக்கொண்டிருக்க
இரண்டு பெட்டிக்கு ஓடர் வந்தது.
விலாசம் கோத்தகிரி.
பெட்டியில் அவர் தெரிந்தெடுத்திருந்தது
இலங்கை ரூபாய்.
காரணம் எழுதவில்லை.
அவருடைய வங்கி அதற்கும்
ஒன்றிரண்டு கழித்திருக்கும்.